அண்ணன் எடுக்காத ஓலை

சென்னை
12-9-1955

அன்புள்ள அக்காவுக்கு,

பெங்களூர் வரை பஸ்ஸிலும் அப்புறம் ரயிலிலும் சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளிச்சோறு காட்பாடி வரைக்கும் வந்தது. மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கை சரோஜாவுக்கு இருமல் நின்றதா?

அப்பாவின் வருஷத் திதிக்கு வந்தவன் சாமி அறைப் பரண்மேல் இருந்த ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போகிறானே என்று நீ முணுமுணுத்தது எனக்குக் கேட்கவில்லை என்று நினைக்காதே. கேட்டது. ஆனால் நான் செய்ததுதான் சரி. எங்கள் சுவடி நிலையத்தின் தலைவர் முதல் நான்கு ஓலைகளைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆயுசு முழுக்க மருந்துக் குறிப்பும் ஜாதகமும் பார்த்துச் சலித்த மனிதர் அவர். நம் பக்கத்து ஆதி சரித்திரம் இதில் இருக்கிறது அக்கா. பாகலூர் வெறும் காடாக இருந்தபோது தெற்கேயிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிய ஓர் அண்ணனும் அவன் தங்கைகளும், புலியோடு போராடிச் செத்த ஒரு மாட்டுக்காரன், ஏரி கட்டின கதை என்று போகிறது. இந்த ஓலைகள் இருநூறு வருஷத்துக்கு முன் எழுதியவையாக இருக்கலாம். பழசு செல்லரிக்கச் செல்லரிக்கப் புதிதாகப் பார்த்து எழுதி வந்திருக்கிறார்கள். அதனால் உள்ளே இருக்கிற விஷயம் அதைவிட எத்தனையோ பழசு. ராஜாவும் யுத்தமும் இல்லாமல் சாதாரணக் குடிகளின் கதை கிடைப்பது அபூர்வம் என்கிறார் தலைவர்.

சங்கடம் ஒன்றுதான். ஓலைகளுக்கு எண் போட்டிருக்கிறது. நடுவில் பாதிக்கு மேல் காணோம். ஏன் காணோம் என்று உனக்கே தெரியும். நம் வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போகும்போது கட்டிலிருந்து ஓர் ஓலையை உருவி, மஞ்சள் துணியில் சுற்றி, மடியில் வைத்து அனுப்புகிற வழக்கத்தை எந்த மகானுபாவன் தொடங்கி வைத்தானோ! சரித்திரத்தை வெற்றிலை பாக்கு மாதிரி விநியோகம் செய்திருக்கிறோம்.

நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். ஜூஜுவாடி மங்கம்மா அத்தை, மத்திகிரி நாராயணம்மா அத்தை, இன்னும் யார் யாரிடம் இருக்கிறதோ, எல்லாவற்றையும் வாங்கி அனுப்பு. சுவடி முழுசாகச் சேர்ந்தால் நிலையமே அச்சுப் போடும். என் தற்காலிக வேலையும் நிரந்தரமாகும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
சென்னகிருஷ்ணன்


பாகலூர்
2-10-1955

மதராஸில் இருக்கும் தம்பி சென்னகிருஷ்ணனுக்கு அக்கா வெங்கடம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் மாமாவின் முழங்கால் வலி போட்டது போட்டபடி இருக்கிறது. சரோஜாவுக்கு இருமல் நின்றுவிட்டது. உனக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறதா என்று இரண்டு பக்கத்தில் ஒரு வரி எழுத இடமில்லையா?

அவரைக்காய் பறித்து வா என்கிற மாதிரி ஓலைகளை வாங்கி அனுப்பு என்கிறாய். ஜூஜுவாடிக்குப் போனேன். மங்கம்மா அத்தை என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "பேடவே பேடா! வேணவே வேணாம்! தாலிய வேணும்னா கேளு, ஓலைய கேக்காதே" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினாள். தம்பிக்கு உத்தியோகம், படிப்பு, கவர்மெண்டு என்று நானும் கத்தினேன். கடைசியில் தை பிறப்பதற்குள் திருப்பித் தருவதாக என் பிள்ளைகள் தலைமேல் சத்தியம் செய்யச் சொல்லிக் கொடுத்தாள். உனக்காகச் சத்தியம் செய்திருக்கிறேன், ஞாபகம் இருக்கட்டும்.

ஓலை ஒரே கரி. நாற்பது வருஷத்து மஞ்சள், குங்குமம், அடுப்புப் புகை. அப்படியே அனுப்பினால் உன் தலைவர் என்ன நினைப்பார் என்று புங்கங்கொட்டை நுரையில் ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் விளக்குத் தேய்ப்பது மாதிரித் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பார்த்தால் அதில் எழுத்துமில்லை, ஒன்றுமில்லை. இந்த வெற்று ஓலைக்கா அத்தையிடம் அவ்வளவு பேச்சு வாங்கினேன்?

இப்போது நிஜமான விஷயத்துக்கு வருகிறேன். ஆனேக்கல் திம்மப்பன் மகன் முனிவேலுக்கு நம் சரோஜாவைக் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் பட்டுப்பூச்சி இலாகாவில் இருக்கிறான். வாய் அதிகம் இல்லை, அதுவே பாதி நிம்மதி. சரோஜாவுக்கும் பிடித்திருக்கிறது. எங்கே பிடித்தது என்று கேட்டால் அடுப்பைப் பார்த்துச் சிரிக்கிறாள். தை மாதம் முகூர்த்தம் வைக்கலாம் என்கிறார்கள். அப்பா இல்லை, அம்மா இல்லை. ஓலைக்கட்டோடு நீ வந்து உன் கையால் அவளுக்கு ஓலை எடுக்க வேண்டும். உடன்பிறந்தவன் எடுக்காத ஓலைக்கு மதிப்பில்லை. என் கல்யாணத்தில் நீ அரைக்கால் சட்டை போட்ட பையன். அப்பா உன் கையைக் கட்டின் மேல் வைத்து "எடுடா, அக்காவுக்கு" என்றார். நடுவிலிருந்து எதையோ உருவினாய். மறந்திருக்க மாட்டாய்.

வருகிற தேதியை எழுது.

அக்கா
வெங்கடம்மாள்


சென்னை
20-10-1955

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வேளைக்குச் சோறு கிடைக்கிறது. ஆனால் உன் கடிதத்தைப் படித்த அன்று தொண்டைக்குள் இறங்கவில்லை.

புங்கங்கொட்டையா? தேங்காய் நாரா? அக்கா, அது குத்துவிளக்கா? ஓலையில் எழுத்தாணியால் கீறித்தான் எழுதுவார்கள். அந்தக் கீறலில் மை ஏறினால்தான் எழுத்து தெரியும். நீ தேய்த்த தேய்ப்பில் மை போயிருக்கும், கீறல் போயிருக்காது. வசம்பைச் சுட்டுக் கரியாக்கி நல்லெண்ணெயில் குழைத்து, ஓலைமேல் தடவி, துணியால் துடைத்தால் எழுத்து எழுந்து நிற்கும். ஆனால் தயவுசெய்து நீ எதையும் செய்ய வேண்டாம். தண்ணீர் காட்டாமல், தேய்க்காமல், முகர்ந்துகூடப் பார்க்காமல் அப்படியே அனுப்பு.

இங்கே தலைவர் என்னைப் பிடுங்கி எடுக்கிறார். ஓசூர் தாலுகா மைசூருக்கா மதராஸுக்கா என்று பேப்பரில் அடித்துக்கொள்கிறார்களே, இந்தச் சுவடி ஆதியில் அங்கே தமிழ்தான் இருந்தது என்று காட்டும் என்பது அவர் கனவு. படித்தவரைக்கும் வரிக்கு வரி கன்னடச் சொல்லும் தெலுங்குச் சொல்லும் கலந்து நம் மங்கம்மா அத்தை பேசுகிற மாதிரியே இருக்கிறது. அதை அவரிடம் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்.

சரோஜா விஷயம் சந்தோஷம். பையன் நல்லவன் என்று நீ சொன்னால் போதும். ஆனால் ஓலை எடுக்கிற பேச்சே வேண்டாம். போன ஓலைகளைத் திரும்பப் பெற நான் நாயாய் அலைகிறேன். இருக்கிற கட்டிலிருந்து இன்னொன்றை உருவி ஆனேக்கலுக்கு அனுப்பினால் என்னைவிட முட்டாள் யார்? இனி ஓர் ஓலைகூட அந்தக் கட்டை விட்டுப் போகாது. இது என் தீர்மானம்.

உன் தம்பி
சென்னகிருஷ்ணன்


பாகலூர்
9-11-1955

தம்பி சென்னகிருஷ்ணனுக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு. தீர்மானம் எல்லாம் செய்கிற அளவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது போலிருக்கிறது.

மங்கம்மா அத்தையின் ஓலையையும் நாராயணம்மா அத்தையின் ஓலையையும் இத்துடன் தபாலில் அனுப்புகிறேன். உன் வசம்பு வைத்தியத்தை நீயே செய்துகொள். மத்திகிரியில் நாராயணம்மா அத்தை மகன் மாட்டுப் பண்ணையில்தானே வேலை செய்கிறான்? அங்கே பால் மறுக்கிற பசுவுக்கெல்லாம் இந்த ஓலையைக் கொம்பில் தொட்டு வைக்கிறார்களாம். டாக்டர் ஊசியை விட இது கேட்கிறதாம். அதனால் சீக்கிரம் திருப்பி அனுப்பச் சொன்னாள். அத்திப்பள்ளி சென்னம்மா அத்தையின் ஓலையைக் கேட்டுப் போனேன். அவள் செத்தபோது அவளோடு சேர்த்துச் சிதையில் வைத்துவிட்டார்களாம். அவள்தான் அப்படி வைக்கச் சொன்னாளாம். உன் சரித்திரத்தில் ஒரு பக்கம் அத்திப்பள்ளிச் சுடுகாட்டில் புகையாகப் போயிற்று.

இனி நான் சொல்வதைக் கேள். ஓலை இல்லாமல் சரோஜாவை எப்படி அனுப்புவது? முனிவேலின் தாயார் முனிலட்சுமி வீட்டுக்கே வந்து கேட்டாள். "அண்ணன் ஓல எடுத்துக் குடுக்க மாட்டேங்கிறானாமே, அந்தப் பொண்ணு மேல அந்த ஊட்டுக்கு இன்னா கோவம்? எங்களுக்குத் தெரியாம எதுனா இருக்குதா?" என்றாள். நான் என்ன பதில் சொல்வது? என் தம்பி படித்தவன், அவனுக்குத் தங்கையைவிடப் பனையோலை பெரிது என்றா? நம் வீட்டுப் பெண் ஓலை இல்லாமல் வெளியே போனால் துரத்திவிட்ட பெண் என்றுதான் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அர்த்தம். உனக்கு அது மூடப் பழக்கம். அவளுக்கு அது வாழ்க்கை.

உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமே, எடுக்கிற ஓலையைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஓலையை அவளிடம் கொடுத்துவிடேன். இது எனக்குத் தோன்றுகிறது, உனக்குத் தோன்றவில்லையா?

அக்கா
வெங்கடம்மாள்


சென்னை
15-12-1955

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஓலைகள் இரண்டும் வந்தன. வேலை அதிகம், அதனால் பதில் எழுத நாளாகிவிட்டது.

இனி யாரிடமும் போய் ஓலை கேட்க வேண்டாம். படித்துப் பார்த்ததில் பின்பகுதி சுவாரசியம் இல்லை. வெறும் எல்லை விவரம். ஓலைகளைப் பற்றி அத்தைகளிடம் பேச்செடுக்காமல் இருப்பதே நல்லது.

சரோஜாவின் கல்யாணத்துக்கு இரண்டு பவுனில் சங்கிலி ஒன்று செய்து அனுப்புகிறேன். ஓலைக்குப் பதில் அது இருக்கட்டும். காலம் மாறிவிட்டது என்று ஆனேக்கல்காரர்களிடம் எடுத்துச் சொல்.

உன்னுடைய ஓலையை மட்டும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவை. அதை யாரிடமும் காட்ட வேண்டாம்.

சென்னகிருஷ்ணன்


பாகலூர்
2-1-1956

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். பக்கம் பக்கமாக எழுதுகிற உனக்கு ஒரு கார்டு எழுதுகிற அளவுக்குத்தான் கையில் தெம்பு இருக்கிறதென்றால் ஜுரம் ஏதாவது வந்ததா? வந்தால் எழுது. சுக்குக் காய்ச்சிக் குடி.

எனக்கு உன்னைப் புரியவில்லை. செப்டம்பரில் நாற்காலியை விட்டு எழுந்து குதிக்க வைத்த சரித்திரம் டிசம்பரில் சுவாரசியம் இல்லாமல் எப்படிப் போகும்? ஊர் ஊராக என்னை விரட்டினவன் இப்போது பேச்சே எடுக்காதே என்கிறாய். மங்கம்மா அத்தைக்கு நான் சொன்ன கெடு நெருங்கிவிட்டது. அவள் வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து, "எங்கடி என் ஓல?" என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

சங்கிலியைப் பற்றி முனிலட்சுமியிடம் சொன்னேன். "பவுனு எங்க ஊர்லயும் விக்குது" என்றாள். தை முகூர்த்தம் இனி நடக்காது. வைகாசி வரைக்கும் பார்க்கிறோம் என்கிறார்கள். அதற்குள் பையனுக்கு அத்திப்பள்ளியில் ஒரு பெண் இருப்பதாகவும் காதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரோஜாவிடம் சொன்னேன். "அண்ணனுக்கு ஓல வேணும்னா இருக்கட்டும் அக்கா" என்றாள். அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஓர் அதட்டல் போட்டிருப்பேன். அவள் அழவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

என் ஓலை என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதை எதற்குக் கேட்கிறாய், யாருக்கு ஏன் காட்டக் கூடாது என்று எழுது. அப்புறம் அனுப்புகிறேன்.

அக்கா
வெங்கடம்மாள்


சென்னை
20-1-1956

அன்புள்ள அக்காவுக்கு,

ஜுரம் எதுவும் இல்லை. மாமா சுகந்தானே?

எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டால் நான் எங்கே போவது? ஓலைக்கட்டு நிலையத்தின் பதிவில் ஏறிவிட்டது. இப்போது அது சர்க்கார் சொத்து. அதிலிருந்து ஓலை எடுத்து வர எனக்கு அதிகாரம் இல்லை. இதை ஆனேக்கல்காரர்களுக்குச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். புரியாவிட்டால் அந்த இடமே வேண்டாம். சரோஜாவுக்கு வேறு மாப்பிள்ளை கிடைக்காமலா போவான்?

உன் ஓலையை உடனே அனுப்பு. நீ அதைப் படித்துப் பார்க்க முயல வேண்டாம். புள்ளியும் கொம்பும் இல்லாத பழைய எழுத்து. உனக்குப் புரியாது, கண்தான் கெடும். நான் எனக்காகச் சொல்லவில்லை.

சென்னகிருஷ்ணன்


பாகலூர்
18-2-1956

தம்பிக்கு.

நாங்கள் எல்லோரும் சுகம். என் கண் கெடவில்லை.

நீ முயல வேண்டாம் என்று எழுதியிருக்காவிட்டால் எனக்கு அந்த எண்ணமே வந்திருக்காது. அன்றைக்கே வசம்பைச் சுட்டேன். நல்லெண்ணெயில் குழைத்தேன். தடவித் துடைத்தேன். நீ சொன்ன மாதிரியே எழுந்து நின்றது. ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். மத்தியானம் எல்லோரும் வயலுக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். பத்து நாளைக்கு மேல் ஆயிற்று. முதல் வரி முழுக்கத் தகராறு. அப்புறம் 'கிழக்கே யானைப்பாறை' என்று வந்தது. அதற்கப்புறம் எனக்குப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. தெற்கே மதகு வாய்க்கால், மேற்கே இரட்டைப் புளி, வடக்கே ஏரிக்கரை. தினம் நான் உன் மாமாவுக்குக் கூழ் கொண்டுபோகிற இடம். இரட்டைப் புளியில் ஒன்று போன புயலில் விழுந்தது, இன்னொன்று நிற்கிறது.

கடைசி வரியை நாலு தரம் படித்தேன். இந்த நிலம் இந்த ஓலையைக் கொண்டு போகிறவளுக்கே உரியது, உடன்பிறந்தான் தன் கையால் எடுத்துக் கொடுக்கக் கடவன், அவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் இதில் பாத்தியம் இல்லை. இதுதானே நீ சுவாரசியம் இல்லை என்று எழுதிய எல்லை விவரம்?

உடன்பிறந்தவன்தான் எடுக்க வேண்டும் என்கிற வழக்கம் ஏன் வந்தது என்று இப்போது புரிகிறது. விட்டுக்கொடுக்கிறவன் கையால் கொடுக்க வேண்டும் என்பதற்குத்தான். வழக்கத்தில் ஓலை மட்டும் எங்களோடு வந்தது, நிலம் உங்களோடு நின்றுவிட்டது. அப்பாவுக்கு இது தெரியாது என்றே நம்புகிறேன். அவருக்கு அந்த எழுத்து படிக்க வராது. உனக்கு வரும்.

கல்யாணமான நாளிலிருந்து உன் மாமா ஏரிக்கீழ் நிலத்தைப் பாதி வாரத்துக்கு உழுகிறார். விளைகிறதில் பாதி அப்பாவுக்கு, அப்பா போன பிறகு உனக்கு. என் நிலத்தில் விளைந்த ராகியில் பாதியை என் கையாலேயே மூட்டை கட்டி, கல் பொறுக்கி, உனக்கு பெங்களூர் லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அதைத் தின்றுவிட்டு எனக்குக் கண் கெடும் என்று எழுதுகிறாய்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வருகிறது. உன் மாமாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அவர் சிரித்துவிட்டு விடு என்பார், அதைக் கேட்க எனக்குச் சக்தி இல்லை. நிலத்தை நீ அடித்துப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அதற்காகச் சரோஜாவின் கல்யாணத்தை நிறுத்தினாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எடுத்தால் படிக்க வேண்டும், படித்தால் கொடுக்க வேண்டும் என்றுதானே எடுக்க மாட்டேன் என்றாய்?

வைகாசிக்குள் வந்து அவளுக்கு ஓலை எடு. வராவிட்டால் என் ஓலையை அவள் மடியில் வைத்து அனுப்பிவிடுவேன். நிலத்தையும் சேர்த்துத்தான். அக்காள் எடுத்த ஓலை செல்லாது என்று ஆனேக்கல்காரர்கள் சொன்னால், அதில் எழுதியிருப்பதைக் கூட்டத்தில் நானே உரக்கப் படிப்பேன். எனக்குப் படிக்கத் தெரிந்துவிட்டது.

வெங்கடம்மாள்


சென்னை
6-4-1956

அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சரோஜாவும் சுகமாக இருக்க வேண்டும்.

இத்தனை நாள் எத்தனையோ தரம் எழுதிக் கிழித்தேன். நீ எழுதியது எல்லாம் சரி. மங்கம்மா அத்தையின் ஓலைக்கு மை தடவியபோது தலைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கடைசி வரியைப் பார்த்ததும் ஓலையைத் திருப்பி வைத்துவிட்டேன். ஏன் திருப்பினேன் என்று யோசித்துப் பார்க்கவே எனக்கு நான்கு மாதம் பிடித்திருக்கிறது. கட்டு சர்க்கார் சொத்தாகிவிட்டது என்றது பொய். அது என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். ஏரி கட்டின கதை இருக்கிற ஓலையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். முதலில் வந்த அந்த அண்ணன் காடு வெட்டி ஓய்ந்துவிட்டான். தண்ணீர் இல்லாமல் திரும்பிப் போய்விடலாம் என்றானாம். தங்கைகள்தான் கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றி, மண் வெட்டிக் கரை போடுகிற ஒட்டர்களுக்குக் கூலி கொடுத்துக் கரை போட்டார்கள். அதனால்தான் ஏரிக்குக் கீழே இருக்கிற நிலமெல்லாம் அந்த வீட்டுப் பெண்களுக்கு, மேட்டு நிலம் ஆண்களுக்கு. நம் பக்கத்து ஆதி சரித்திரம் இதுதான்.

எல்லா ஓலைகளையும் பார்த்து எழுதி முடித்துவிட்டேன். கட்டு திரும்பி ஊருக்குப் போகிறது என்று தலைவரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆனேக்கலில் சொல்லி வைகாசியில் முகூர்த்தம் பார். கட்டோடு வருகிறேன். சரோஜாவுக்கு ஏரிக்கீழ் மிச்சமிருக்கிற நிலத்துக்கான ஓலை இருக்கிறது. அதை எடுப்பேன். பந்தலில் நானே படிப்பேன், உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

சென்னகிருஷ்ணன்


பாகலூர்
10-12-1956

மதராஸில் இருக்கும் தம்பி சென்னகிருஷ்ணனுக்கு அக்கா வெங்கடம்மாள் மனசார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. உன் மாமாவின் முழங்கால் வலி குளிருக்கு அதிகமாகியிருக்கிறது. சரோஜா ஆனேக்கலிலிருந்து போன வாரம் வந்தாள். மாமியாரும் மருமகளும் இன்னும் சண்டை தொடங்கவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ பாட்டுக்குப் பந்தலில் நின்று ஓலையை உரக்கப் படித்துவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிட்டாய். இங்கே கிடந்து அவஸ்தைப்படுகிறவள் நான். நீ திருப்பிக் கொடுத்த ஓலைகளைத் தூக்கிக்கொண்டு அத்தைகள் ஒவ்வொருத்தியாக வருகிறார்கள். "படிடி, எனக்கு இன்னா எழுதியிருக்குது?" என்று மாதக்கணக்காக இதே வேலை. வசம்பு வாங்கி மாளவில்லை. நாராயணம்மா அத்தையின் நிலம் என்றைக்கோ கைமாறி இப்போது வேறு யாரோ திராட்சை போட்டிருக்கிறார்கள். அவள் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒரு கொத்து பறித்துத் தின்றுவிட்டு வந்தாள். மங்கம்மா அத்தையின் நிலத்தின் மேல் ரோடு போட்டுவிட்டார்கள். அவள் ரோட்டின் நடுவில் போய் நின்று, ஓசூர் பஸ்ஸை நிறுத்தி, "இது என் நெலம், தெரிஞ்சுக்கோ, அப்புறம் போ" என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறாள். அவன் கும்பிட்டுவிட்டுப் போனானாம். அதிலிருந்து தினம் நிறுத்துகிறாள். நான் போய் இழுத்து வர வேண்டியிருக்கிறது. பெண்களுக்கும் சொத்தில் பங்கு என்று சர்க்காரே இப்போது சட்டம் போட்டிருக்கிறதாம். இவர்களுக்கு இன்னும் ஏற்றிவிட்டது போலிருக்கிறது.

நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய பத்திரங்கள் ஓசூரிலிருந்து வந்தன. என்னுடையதை உன் மாமாவிடம் காட்டினேன். நான் நினைத்த மாதிரி சிரிக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்ப நான் இனிமே உனக்குத்தான் வாரம் அளக்கணுமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் கடைசிக் கடிதத்தின் கவரில் சுவடி நிலையத்தின் முத்திரை இல்லை. ஏதோ ஓர் அச்சாபீஸின் பெயர் இருந்தது. ஏன் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. பார்த்து எழுதிய தாள்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். அந்தத் தலைவர் போடாவிட்டால் யாராவது ஒரு நாள் அச்சுப் போடுவார்கள்.

அறுப்பு முடிந்தது. பெங்களூர் லாரியில் ராகி அனுப்பியிருக்கிறேன். மூட்டை சின்னதாக இருக்கிறதே என்று எழுதாதே. மேட்டு நிலத்தில் இந்த வருஷம் மழை இல்லை, உன் பங்கு அவ்வளவுதான். அதோடு இன்னொரு மூட்டை இருக்கும், மஞ்சள் கயிற்றால் வாய் கட்டியிருப்பேன். அது ஏரிக்கீழ் விளைந்தது, என் நிலத்து ராகி. கல் பொறுக்கித்தான் அனுப்புகிறேன். அது பங்கு இல்லை தம்பி. அக்கா கொடுக்கிறேன், சாப்பிடு.

வெங்கடம்மாள்